வட்டில் அடங்காத இரவு

நுழையும்முன்

கூத்து, வில்லுப்பாட்டு, தோற்பாவை நிழற்கூத்து எனத் தமிழரின் நிகழ்த்துகலைகள் பலவும் எழுத்தில் முழுமையாக அடங்காதவை. ஆடுவோர் உடலிலும் பாடுவோர் குரலிலும் வாழ்பவை. ஒளிநாடா அவற்றை ஓரளவு பிடித்து வைத்தது. நாடாக்கள் நலியத் தொடங்கியபோது அப்பதிவுகள் டிவிடி வட்டுகளுக்கு மாற்றப்பட்டன. மாற்றும் வேளையில் கருவியில் தேர்ந்தெடுத்த ஒரு சிறு அமைப்பே, எது எஞ்சும், எது மறையும் என்பதைத் தீர்மானித்தது. அந்தத் தேர்வின் கணக்கை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று நாடாக்கள்

வட தமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் ஆடப்பெறும் தெருக்கூத்து, இரவில் தொடங்கி விடியும்வரை நடப்பது. கட்டியக்காரன் வருகை, திரைக்குப் பின்னிருந்து எழும் பாட்டு, திரை விலகியதும் கட்டை கட்டிய வேடத்தின் சுழற்சி, நெடிய தர்க்கம், இடையிடையே நகைச்சுவை என ஏறத்தாழ எட்டு மணி நேரம் அது நீளும். வீடியோ கேமரா ஊர்ப்புறங்களுக்கு வந்த காலத்தில், திருமணங்களைப் படம்பிடித்தவர்களே கூத்தையும் படம்பிடித்தனர். ஈ-180 எனப்படும் வி.எச்.எஸ். நாடா ஒன்றில் மூன்று மணி நேரம் பதிவாகும். ஆகவே ஓர் இரவுக் கூத்துக்கு மூன்று நாடாக்கள் தேவைப்பட்டன.

நாடாவின் வாழ்நாள் நீண்டதன்று. காற்றின் ஈரத்தில் அதில் பூஞ்சை படரும். காந்தப் பூச்சு உதிரும். ஒவ்வொரு முறை ஓடும்போதும் சிறிது தேயும். நாடா நல்ல நிலையில் இருந்தாலும் அதை ஓட்டுவதற்குக் கருவி வேண்டும். வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஜூலையில் அத்தயாரிப்பை நிறுத்தியது. அதற்கு வெகுகாலம் முன்பே மக்கள் தம் நாடாக்களை எடுத்துக்கொண்டு ஒளிப்படக் கடைகளை நாடத் தொடங்கியிருந்தனர்.

அங்கே கேட்கப்படும் வேண்டுகோள் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, மூணையும் ஒரே டிவிடியில போட்டுக் குடுங்க.” கடைக்காரரும் மறுப்பதில்லை; மூன்றையும் ஒரே வட்டில் அடக்கிவிட முடியும். கருவியில் உள்ள ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அப்பொத்தான் எதை விலையாகப் பெற்றுக்கொள்கிறது என்பது வீட்டுக்குச் சென்று வட்டை ஓட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் பல வீடுகளில் நாடா குப்பைக்குப் போயிருக்கும்.

வட்டின் கொள்ளளவு

டிவிடி வட்டு 1996ஆம் ஆண்டு நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட அதன் உருவம் முன்பிருந்த குறுந்தகட்டின் உருவமே. வேறுபாடு உள்ளே இருக்கிறது. குறுந்தகட்டின் சுருள்தடத்தில் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி உண்டு. டிவிடியில் அது 0.74 மைக்ரோமீட்டர். ஓர் அடுக்கில் உள்ள அச்சுருளை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் போகும். அத்துணை நெருக்கமாக எழுதியும் ஓரடுக்கு வட்டில் 4.7 ஜிகாபைட்டுக்கு மேல் இடமில்லை. கணிப்பொறியில் பார்க்கும்போது இவ்வளவு 4.4க்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். அது குறைபாடன்று, கணிப்பொறி 1024இன் மடங்குகளில் எண்ணுவதால் வரும் வேறுபாடு.

4.7 ஜிகாபைட் என்பது 470 கோடி பைட்டுகள். அதாவது 37,600 மெகாபிட்டுகள். இதனை ஒரு பாத்திரத்து நீராகக் கொண்டால், காணொலியின் ஒவ்வொரு நொடியும் அந்நீரில் ஒரு பங்கைக் குடிக்கிறது. ஒரு நொடிக்கு எவ்வளவு தருவது என்பதையே பதிவுத்தரம் என்கிறோம். பிட் வேகம் என்றும் அதைக் குறிப்பர்.

சுருக்காமல் அப்படியே எழுதினால் என்ன ஆகும்? இந்தியத் தொலைக்காட்சி முறையில் ஒரு படச்சட்டகம் டிவிடியில் 720க்கு 576 புள்ளிகளாகப் பதிவாகிறது. ஒரு நொடிக்கு 25 சட்டகங்கள். வண்ணத்தைச் சிக்கனமாகக் குறித்தாலும் புள்ளிக்குச் சராசரியாக 12 பிட்டுகள் வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ 124 மெகாபிட்டுகள். அவ்வாறு எழுதினால் ஒரு வட்டு ஐந்தே நிமிடங்களில் நிரம்பிவிடும். கூத்தில் கட்டியக்காரன் தன்னை அறிமுகம் செய்துகொள்வதற்குள் வட்டு தீர்ந்துபோகும்! ஆகவே சுருக்குவதா, வேண்டாமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. எவ்வளவு சுருக்குவது என்பதே கேள்வி.

மேற்படி

பழைய கணக்கேடுகளிலும் பத்திரங்களிலும், முன்வரியில் உள்ள ஊரோ பெயரோ திரும்ப வரும்போது அதை மீண்டும் எழுதமாட்டார்கள். ‘மேற்படி’ என்று குறிப்பார்கள். அதற்கென்றே தமிழில் ‘௸’ என்னும் குறியும் உண்டு. டிவிடி காணொலியில் பயன்படும் எம்பெக்-2 என்னும் சுருக்கமுறையின் உயிர்நாடி இதே உத்திதான். வரிசையில் ஒரு சட்டகம் முழுமையாக எழுதப்படுகிறது. அடுத்து வரும் பத்துப் பன்னிரண்டு சட்டகங்களில், மாறிய பகுதி மட்டுமே எழுதப்படுகிறது. மாறாத பகுதிக்கு ‘மேற்படி’. ஒரு பகுதி உருமாறாமல் இடம் மட்டும் பெயர்ந்திருந்தால், ‘மேற்படி, சற்று வலப்பக்கம்’ என்பது போன்ற குறிப்போடு வேலை முடிகிறது.

மாறிய பகுதியையும் அப்படியே எழுதுவதில்லை. படம், பக்கத்துக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பரந்த, மெதுவான ஒளிமாற்றங்கள் தனியாகவும் நுண்ணிய கோடுகளும் புள்ளிகளும் தனியாகவும் பிரித்தெடுக்கப்படுகின்றன. இடம் போதாதபோது நுண்ணியவை முதலில் கைவிடப்படும். மனிதக் கண் பரந்த மாற்றங்களை எளிதில் உணரும். நுண்ணியவை சிறிது குறைந்தால் பொருட்படுத்தாது. அந்தச் சலுகையைக் கருவி பயன்படுத்திக்கொள்கிறது. அளவு மீறிக் கைவிட்டால்தான் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே தெரிந்து, முகம் சதுரங்களால் ஆனதுபோல் காட்சியளிக்கும்.

தெரிந்து தெளிவோம்

படத்தைக் கட்டங்களாகப் பிரித்து, பரந்த மாற்றங்களையும் நுண்மாற்றங்களையும் வேறுபடுத்தும் கணித முறைக்குத் தனித்த கொசைன் உருமாற்றம் என்று பெயர். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே.ஆர். ராவ் ஆகிய மூவரும் இதனை 1974ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். டிவிடி காணொலி மட்டுமன்றி, கைப்பேசியில் எடுக்கும் ஜேபெக் ஒளிப்படங்களும் இம்முறையின் துணையால்தான் சுருங்குகின்றன.

நான்கு முறைகள்

வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்த டிவிடி பதிவுக்கருவிகள் இக்கணக்கையெல்லாம் பயனருக்குக் காட்டவில்லை. நான்கு எழுத்துச் சுருக்கங்களை மட்டும் காட்டின. எக்ஸ்.பி. என்றால் ஒரு வட்டில் ஒரு மணி நேரம், எஸ்.பி. என்றால் இரண்டு மணி நேரம்; எல்.பி. என்றால் நான்கு, ஈ.பி. என்றால் ஆறு அல்லது எட்டு. பார்ப்பவருக்கு இது காலத்தின் பட்டியலாகத் தோன்றும். உண்மையில் இது கைவிடுதலின் பட்டியல். இரண்டு மணி நேர முறையில் ஒரு நொடிக்குக் கிடைப்பது ஒலியும் சேர்த்து 5.2 மெகாபிட், மூலத்தின் 124 மெகாபிட்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 24இல் ஒரு பங்கு. எட்டு மணி நேர முறையில் கிடைப்பது 1.3 மெகாபிட், அது 95இல் ஒரு பங்கு.

மேல் எல்லையும் உண்டு. டிவிடி காணொலிக்கு நொடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் தர விதிமுறை இடம்கொடுப்பதில்லை. அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றைத் தனி வட்டில் எழுதினால் தரம் இருமடங்காகும் என்று எண்ணுவது வீண், எக்ஸ்.பி. முறைக்கு மேல் ஏறுவதற்குப் படியில்லை.

கீழ்ப்படிகளில் வேறொன்றும் நிகழ்கிறது. பல கருவிகள் எல்.பி. முறையில் படத்தின் அகலத்தை 720 புள்ளிகளிலிருந்து 352ஆகக் குறைக்கின்றன. ஈ.பி. முறையில் உயரத்தையும் 576இலிருந்து 288ஆகப் பாதியாக்குகின்றன. இந்தியத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைவரிசைக் கோடுகள், இரட்டைவரிசைக் கோடுகள் என இரு புலங்களாகப் பிரிந்து, நொடிக்கு 50 முறை திரையில் மாறுகிறது. அசைவு வழுக்கிச் செல்வதுபோல் தோன்றுவது அதனால்தான். உயரத்தைப் பாதியாக்கும்போது இரு புலங்களில் ஒன்று கைவிடப்படுகிறது. படம் மங்குவதோடு அசைவும் தத்தித் தத்திச் செல்லும்.

எதைப் பதிவு செய்கிறோம்?

எல்லா நிகழ்ச்சிக்கும் ஒரே தரம் தேவையில்லை. இலக்கியச் சொற்பொழிவு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். மேடை, பின்னணித் திரை, ஒலிவாங்கி எவையும் நகர்வதில்லை. பேசுபவரின் முகமும் கைகளும் மட்டுமே அசைகின்றன. கருவி பெரும்பாலும் ‘மேற்படி, மேற்படி’ என்றே எழுதிச் செல்லலாம். கேமராவை ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்த சொற்பொழிவுக்கு எல்.பி. முறையே போதும். அமர்ந்து பாடும் வில்லுப்பாட்டும் ஏறத்தாழ இத்தகையதே.

தெருக்கூத்து இதற்கு நேர்மாறானது. சுருக்கமுறைக்குப் பகையாவதற்கென்றே ஒரு கலையை வகுத்திருந்தாலும் இப்படி அமைந்திருக்காது. கிரீடத்திலும் மார்புக் கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் ஒவ்வோர் அசைவிலும் வெவ்வேறு திசையில் ஒளியைச் சிதறும். அவை அனைத்தும் நுண்ணிய புள்ளிகள், முதலில் கைவிடப்படுபவை. வேடக்காரர் சுழன்றாடும்போது முன் சட்டகத்தில் இருந்த முகம் அடுத்த சட்டகத்தில் முதுகாகும். ‘மேற்படி’க்கு இடமே இல்லை. பின்னணியோ இருள். குறைந்த ஒளியில் பழைய கேமராக்கள் படமெங்கும் துகள் பறப்பதுபோன்ற இரைச்சலை உண்டாக்கும். அத்துகள்கள் நொடிக்கு நொடி இடம் மாறுவதால், கருவி அவற்றையும் புதிய செய்தி என்றே கருதி எழுத முற்படுகிறது. ஆடுபவரின் முகத்துக்குப் போக வேண்டிய பங்கை யாருக்கும் பயன்படாத துகள்கள் தின்றுவிடுகின்றன.

இழப்பு அழகோடு நின்றுவிடுவதில்லை. கூத்தில் முகத்தில் தீட்டும் வண்ணமும் கோடுகளும் புள்ளிகளும் வெறும் ஒப்பனையல்ல. வந்திருப்பவர் யார், எத்தகைய இயல்பினர் என்பதைச் சொல்பவை. காலடியில் விழும் அடவு, ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கண்வழியே செல்லும் பாடம். 95இல் ஒரு பங்காகச் சுருங்கிய வட்டில் வேடம் தெரியும், முகவரைவு தெரியாது. ஆள் சுழல்வது தெரியும், கால் எங்கே விழுந்தது என்பது தெரியாது. வாத்தியார் மறைந்தபின் அவர் அடவைக் கற்க விரும்பும் இளைஞருக்கு அவ்வட்டு பயன்படாது.

ஆனால் உயர்ந்த முறையே எப்போதும் சிறந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. வி.எச்.எஸ். நாடா கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவுக்கே ஒளிவிவரத்தைக் காக்கும். அதனைத் தாங்க 352 புள்ளிகளே போதும். 720 புள்ளிகளில் எழுதினாலும் நாடாவில் இல்லாத விவரம் வட்டில் முளைத்துவிடாது. அகலத்தைப் பாதியாக்கும் கருவியில் எல்.பி. முறையைத் தேர்ந்தால், புள்ளிகளும் பாதி, பிட்டுகளும் பாதி. ஒரு புள்ளிக்குக் கிடைக்கும் பங்கு எஸ்.பி. முறையில் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். பலரும் எதிர்பாராத நல்ல விளைவு இது. அகலத்தைக் குறைக்காமல் பிட்டுகளை மட்டும் குறைக்கும் கருவியில் அதே எல்.பி. கட்டங்கட்டமாகச் சிதறும். இரு கருவிகளிலும் எழுத்து ஒன்றே, செயல் வேறு. பத்து நிமிடப் பகுதியை, அதுவும் மிக வேகமான ஆட்டப்பகுதியை, எழுதிப் பார்த்த பின்னரே எட்டு மணி நேரத்துக்கும் முறையை முடிவுசெய்வது அறிவுடைமை. அமைதியான தொடக்கப்பகுதியைச் சோதித்துவிட்டு நிறைவடைவோர் ஏமாறுவர்.

பல கருவிகளில் நான்கு முறைகளுக்கு இடைப்பட்ட அளவையும் தேர்ந்தெடுக்கலாம். கூத்துக்கு அதுவே ஏற்றது. மூன்று மணி நாடா ஒன்றை இரு வட்டுகளில், வட்டுக்கு ஒன்றரை மணி நேரமாகப் பிரித்தால் நொடிக்கு ஏறத்தாழ 7 மெகாபிட் கிடைக்கும். சுழற்சிக்கும் துகளுக்கும் அது ஈடுகொடுக்கும். மூன்று நாடாக்களுக்கு ஆறு வட்டுகள். பிரிவு ஒரு தர்க்கத்தின் நடுவே வராமல், ஒரு வேடம் விடைபெறும் இடத்தில் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டின் வெளிவிளிம்பில் படிப்புப் பிழைகள் மிகுதி. ஆகவே கடைசித் துளிவரை நிரப்பாமல் சிறிது இடம் விடுவதும் நன்று.

ஒலியின் பங்கு

பிட்டுகளைப் பகிர்ந்துகொள்வதில் ஒலியும் ஒரு பங்காளி. சுருக்காத இருதட ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1.5 மெகாபிட் கேட்கும். எக்ஸ்.பி. முறையில் அது பெரிதன்று. நான்கு மணி நேர முறையில் மொத்தமே 2.6 மெகாபிட், அதில் 1.5ஐ ஒலிக்குக் கொடுத்தால் படத்துக்கு எஞ்சுவது மிகச் சிறிது. டால்பி முறையில் சுருக்கினால் கால் மெகாபிட்டில் ஒலி அடங்கிவிடும். கேமராவோடு இணைந்த ஒலிவாங்கியில் பிடித்த முகவீணையும் மத்தளமும் அச்சுருக்கத்தால் குறிப்பிடத்தக்க இழப்பை அடைவதில்லை. இசைக்கச்சேரியைத் தேர்ந்த கருவிகளால் பதிவுசெய்தவர் இம்முடிவை மாற்றிக்கொள்ளலாம். அங்கே படத்தைக் குறைத்து ஒலியைக் காப்பதே முறை.

படியும் மறுபடியும்

எழுதும் வேகத்தைத் தரத்தோடு குழப்பிக்கொள்வோர் உளர். கணிப்பொறியில் உள்ள ஆயத்தக் கோப்பை வட்டில் எழுதும்போது ஒருமடங்கு, நான்குமடங்கு, எட்டுமடங்கு என வேகம் கேட்கப்படும். ஒருமடங்கு வேகத்தில் முழுவட்டு எழுத ஏறத்தாழ 57 நிமிடங்கள் ஆகும். வேகத்தைக் கூட்டுவதால் படத்தின் தெளிவு குறையாது. அது முன்பே முடிவாகிவிட்டது. மலிவான வட்டில் மிகை வேகத்தில் எழுதினால் படிப்புப் பிழைகள் பெருகக்கூடும் என்பதே அச்சம்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. வட்டில் உள்ள கோப்பை அப்படியே மற்றொரு வட்டுக்கோ வன்தட்டுக்கோ படியெடுத்தால் ஒரு பிட்டும் மாறாது. நூறாவது படியும் முதற்படியே. வட்டை ஓட்டி மறுபடியும் பதிவுசெய்தாலோ, வேறு வடிவத்துக்கு மாற்றினாலோ, ஏற்கெனவே சுருங்கியது மீண்டும் சுருங்கும். கைவிட்டதன்மேல் மேலும் கைவிடப்படும். கைப்பேசிச் செயலிகள் வழியே கைமாறிக் கைமாறி வரும் காணொலி மங்கிக்கொண்டே போவதற்குக் காரணமும் இதுதான்.

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தோரும் பிழை செய்தனர். ஆனால் ஒவ்வொருவரும் வெவ்வேறு இடத்தில் பிழை செய்தனர். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்டார். ஒரு சுவடியில் சிதைந்தது மற்றொன்றில் காணக் கிடைத்தது. சுருங்கிய ஒற்றை வட்டிலிருந்து எடுத்த படிகளுக்கு அந்த வாய்ப்பில்லை. ஊரில் ஐம்பது வீடுகளில் ஐம்பது வட்டுகள் இருந்தாலும், ஐம்பதிலும் அதே முகம் அதே இடத்தில் அழிந்திருக்கும். மங்கிய படத்தைக் கூர்மையாக்கித் தரும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவை அழிந்த கோட்டை மீட்பதில்லை. இருந்திருக்கக்கூடிய ஒரு கோட்டை ஊகித்து வரைகின்றன. திருமணப் படத்துக்கு அது தீங்கற்றது. முகவரைவை ஆராய்பவருக்கோ அது இடைச்செருகல்.

ஆதலால் வட்டு உருவானபின் நாடாவை எறிந்துவிடுதல் கூடாது. பின்னர் வரும் மேம்பட்ட கருவி அதே நாடாவிலிருந்து மேலும் நல்ல படியை எடுக்கக்கூடும். பதிவுசெய்யும் வட்டில் செய்தியைத் தாங்குவது ஒரு சாயப்படலம்; வெயில் பட்டால் அது மங்கும். எனவே வட்டும் நிலையானதன்று. எழுதி முடித்ததும் அதை நிறைவுசெய்து, வேறொரு கருவியில் தொடக்கம், நடு, இறுதி மூன்றையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பின்னர்க் கோப்பை வன்தட்டிலும் ஒரு படி வைத்து, வட்டை உறையிலிட்டு நிழலில் நிறுத்தி வைக்கலாம். நாடாவின் அட்டையில் எழுதியிருந்த ஊர், நாள், கூத்தின் பெயர், ஜமாவின் பெயர், வாத்தியார் பெயர் ஆகியவற்றை உறையிலும் எழுத வேண்டும். அவற்றின் கீழே எந்த முறையில், வட்டுக்கு எத்தனை மணி நேரமாகப் பதிவுசெய்யப்பட்டது, மூலநாடா யாரிடம் இருக்கிறது என்பனவும் இடம்பெற வேண்டும்.